பால்வெட்டுக் காலணியும் மலையேற்றக் காலணியும்: பேராக் தோட்டப்புறத்திலிருந்து ஒரு சிறுதொழில் நோக்கு

முன்னுரை

ஈப்போ நகரின் மேற்கே மெங்லெம்புவை ஒட்டி நிற்கும் கிளேடாங் குன்றில் வார இறுதிகளில் ஏறுவோரின் கால்களைச் சற்றே கவனித்தால் இருவகைக் காலணிகள் நம் கண்ணில் படும். ஒன்று, வெளிநாட்டிலிருந்து வந்தது. அடிப்பாகத்தில் மஞ்சள் நிற எண்கோண முத்திரை பொறித்தது. பல நூறு ரிங்கிட் விலையுடையது. மற்றொன்று, கரிய நிறத்தில் ஒரே வார்ப்பாக அமைந்த இரப்பர் காலணி. சிற்றூர்க் கடைகளில் கயிற்றில் கோத்துத் தொங்கவிடப்படும் இது இருபது ரிங்கிட்டுக்கும் குறைவாகவே கிடைக்கும். முன்னதை மலையேறிகள் மலையேறிகளுக்காக உருவாக்கினர். பின்னது இரப்பர்த் தோட்டத்திலும் வயற்காட்டிலும் உழைப்போர் அணிந்தது; இன்று மலையேறுவோரும் விரும்பி அணிவது.

கூடாரம், முதுகுப்பை, மழையங்கி, தலைவிளக்கு, மலையேற்றக் காலணி முதலியவற்றை இக்கட்டுரையில் 'வெளிப்பயணக் கருவிகள்' என்னும் பொதுப்பெயரால் சுட்டுகிறோம். இத்தகைய கருவிகளைச் செய்யும் தொழில்கள் பெரும்பாலும் ஓர் அறையிலோ சிறு கடையிலோ தொடங்கி வளர்ந்தவை. அவ்வளர்ச்சிக்கு வேண்டிய மூலப்பொருளும், கருவியின் குறைநிறைகளை அன்றாடம் உடலால் அறிந்த மக்களும், ஏறுதற்குரிய மலைகளும் பேராக் மாநிலத்தில் ஒருங்கே இருந்தன. எனினும் அம்மூலப்பொருளோடு வாழ்நாள் முழுவதும் பழகிய தமிழ்த் தொழிலாளர் கையில் அத்தகைய தொழில் ஏன் எழவில்லை என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. திறமையின்மை என்றோ முயற்சியின்மை என்றோ எளிதில் கூறப்படும் விடையை நாம் ஏற்பதற்கில்லை.

கோலகங்சார் மரமும் மழையங்கியும்

வெளிப்பயணக் கருவிகளின் வரலாற்றை இரப்பரின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்த்தல் அரிது. 1823ஆம் ஆண்டில் சார்ல்ஸ் மெக்கின்டோஷ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், நிலக்கரித் தாரிலிருந்து பெறப்பட்ட நாப்தாவில் இரப்பரைக் கரைத்து, இரு துணிகளுக்கிடையே பூசி ஒட்டி, நீர்புகாத் துணிக்குக் காப்புரிமை பெற்றார். அத்துணியாலான மழையங்கி குளிரில் விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது. 1839இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், இரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அவ்விரு குறைகளும் நீங்குவதைக் கண்டறிந்தார். 1844இல் அவருக்குக் காப்புரிமை கிட்டியது. இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் அதே முறையைத் தம் பெயரில் பதிந்துகொண்டார். அதன் பின்னரே நீர்புகாக் காலணி, காற்றடைத்த படகு, சக்கர உறை என இரப்பர்ப் பொருள்கள் நிலைபெற்றன.

அன்று அப்பால் பெரும்பாலும் தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து வந்தது. ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவிற்குக் கொண்டு சேர்த்ததும், அவற்றுள் சிறுபகுதியே முளைத்ததும், 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்ததும் நாம் பள்ளிப் பாடங்களில் படித்தவையே. அவற்றுள் 9 கன்றுகள் கோலகங்சாரில், பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் இல்லத் தோட்டத்தில் நடப்பட்டன. அவ்வழியில் எஞ்சிய ஒரு முதுமரம் இன்றும் அந்நகரில் வேலியிட்டுப் பாதுகாக்கப்படுகிறது. மலாயாவின் இரப்பர் வரலாறு பேராக்கில்தான் வேர்விட்டது எனக் கூறுதல் மிகையன்று.

ஆயினும் ஒன்றை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். மரம் இங்கே வந்தது. பொருள் செய்யும் கலை அதனுடன் வரவில்லை. காலனிய ஏற்பாட்டில் தோட்டத்தின் வேலை புகையூட்டிய தாளோடு முடிந்துவிடும். பாலைப் பார்மிக் அமிலமிட்டு உறையவைத்து, உருளைகளில் பிழிந்து, புகைக்கூண்டில் உலர்த்தி, கட்டுகளாகக் கட்டிக் கப்பலேற்றினர். கந்தகமும் சூடும் சேர்வது கடலுக்கு அப்பால் நிகழ்ந்தது. வாழ்நாள் முழுதும் மரம் சீவிய ஒருவர், தம் பால் என்னவாகிறது என்பதைக் கடையில் விற்கும் காலணியாகவோ மிதிவண்டிச் சக்கரமாகவோ மட்டுமே கண்டார்.

தோட்டத் தொழிலாளியின் கருவித்தொகுதி

தோட்டத் தொழிலாளியை நம் இலக்கியமும் வரலாறும் பெரிதும் துன்பத்தின் உருவமாகவே காட்டிவந்துள்ளன. அது பொய்யன்று. எனினும் அப்பார்வையில் அவருடைய கருவிகள் மறைந்து போகின்றன என்பது நம் வருத்தம். விடியலுக்கு முன், இருள் நீங்காத வேளையில், அட்டையும் கொசுவும் பாம்பும் உள்ள சரிவு நிலத்தில், சுமையோடு பல மணி நேரம் நடப்பவர் எவ்வகைக் கருவிகளை வேண்டுவார் என எண்ணிப் பார்த்தால், இன்றைய மலையேறியின் பட்டியலே நம்முன் நிற்கும்.

தலைவிளக்கை முதலில் நோக்குவோம். பால்வெட்டு ஏன் இருளில் தொடங்கியது? குளிர்ந்த வைகறையில் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடியும்; வெயில் ஏறஏற ஒழுக்குக் குறையும். ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட நிரையில் 400 முதல் 500 வரையிலான மரங்கள் இருக்கும். அவற்றை வெயிலுக்கு முன் வெட்டி முடிக்க இரு கைகளும் வேண்டும். ஆகவே விளக்கு நெற்றிக்கு ஏறியது. கால்சியம் கார்பைடுக் கட்டிகளின் மேல் நீர் சொட்டச்சொட்ட எழும் அசிட்டிலின் வாயுவை எரிக்கும் கார்பைடு விளக்கு நெடுங்காலம் வழக்கிலிருந்தது. சுரங்கத் தொழிலாளரும் அவ்வகை விளக்கைப் பயன்படுத்தினர். பின்னர் மின்கல விளக்கு அதன் இடத்தைப் பிடித்தது. மலையேறிகள் இன்று நெற்றியில் கட்டும் விளக்கின் பயன்பாட்டு நுட்பத்தை நம் பாட்டிமார் நன்கறிவர்: நெற்றியை எப்பக்கம் சாய்த்தால் வெட்டுக்காயத்தின் மேல் ஒளி விழும், எவ்வளவு சாய்த்தால் கழுத்து வலிக்கும் என்பன ஏட்டில் எழுதப்படாத அறிவு.

இடுப்பின் பின்புறம் தொங்கிய கொசுவத்தி, கையை முழுதும் மூடிய பழஞ்சட்டை, பட்டையை ஆழம் பிசகாது சீவும் உளி, பால் ஏந்தும் மங்கு, தோளில் சுமக்கும் காண்டாவாளி என அத்தொகுதி விரியும். ஓர் இம்மி ஆழம் மிகுந்தால் மரம் காயப்படும். குறைந்தால் பால் வராது. அந்த உளியைத் தம் கைக்கேற்பத் தீட்டி வைத்துக்கொண்டவர்கள் பொறியியல் உணர்வு அற்றவர்கள் எனக் கொள்ள இயலாது. 'காண்டா' என்பது தோளில் கோல் வைத்துச் சுமத்தலைக் குறிக்கும் 'கண்டார்' என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். நாசி கண்டார் உணவுக்கும் அதே வேர். சோற்றுக் கூடையைத் தோளில் சுமந்து விற்றவரும் பால் வாளியைத் தோளில் சுமந்தவரும் ஒரே சொல்லின் கீழ் நடந்தனர் என்பது மொழியாசிரியர்களுக்குச் சுவையான செய்தி.

வெறுங்காலும் கொக்கிப்புழுவும்

இத்தொகுதியில் மிகப் பிந்தி வந்தது காலணி. தொடக்கக் காலத் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் வெறுங்காலில் நடந்தனர். அதன் விளைவைச் சமூக வரலாறாக மட்டுமின்றி மருத்துவ வரலாறாகவும் காணுதல் வேண்டும். கொக்கிப்புழுவின் இளம்புழு ஈரமண்ணில் காத்திருந்து உள்ளங்காலின் தோலைத் துளைத்து உட்புகும். குருதியோட்டத்தில் நுரையீரலை அடைந்து, பின் தொண்டை வழியே விழுங்கப்பட்டுக் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். நாளடைவில் இரத்தசோகை முற்றும். உழைக்கும் வலிமை குன்றும். ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் சார்பில் 1915 முதல் 1917 வரை கீழ்நாடுகளுக்கு வந்த ஆய்வுக்குழு மலாயாவிலும் இந்நோயை ஆராய்ந்தது. டார்லிங், பார்பர், ஹாக்கர் ஆகிய மூவர் எழுதிய அறிக்கை 1920இல் வெளிவந்தது. நோயால் தளர்ந்த உடலின் மெதுவான நடை, சோம்பல் என்னும் குணமாகத் தமிழர் மேல் ஏற்றப்பட்ட காலம் அது.

ஆகவே பால்வெட்டுக்காரருக்குக் காலணி என்பது வசதிப் பொருளன்று. ஆயினும் தோல் காலணி அவருக்குப் பயன்படாது. காலைப் பனியில் நனைந்து, சேற்றில் ஊறி, சில வாரங்களில் அழுகிவிடும். கால்விரல்கள் மண்ணைப் பற்றும் உணர்வும் அதில் இராது. நனைந்தால் கெடாததாய், சரிவில் வழுக்காததாய், கழுவினால் உடனே உலர்வதாய், ஒருநாள் கூலிக்குள் வாங்கத்தக்கதாய் ஒரு காலணி வேண்டும். இத்தேவையை இவ்வளவு துல்லியமாக அறிந்தவர் பல்லாயிரவர் இருந்தனர். தொழில் தொடங்குவோர் முதலில் தேடும் செய்தியும் இதுவேயாகும்.

மிலான் கடைக்காரர்

அதே தேவையை வேறொரு மலையில் உணர்ந்த ஒருவரின் கதையை இங்கு ஒப்பிடல் பயன்தரும். இத்தாலியின் மிலான் நகரைச் சேர்ந்த விட்டாலே பிராமனி மலையேறி. மலையேற்றப் பொருள்களை விற்கும் கடையும் வைத்திருந்தார். அக்காலத்து மலையேற்றக் காலணியின் அடியில் இரும்பாணிகள் அறையப்பட்டிருக்கும். நடைவழிக்கு அது ஏற்றது. செங்குத்துப் பாறையில் உதவாது. எனவே பாறையை அடைந்ததும் அதனைக் கழற்றிவிட்டு இலேசான காலணியை அணிந்து ஏறுவர். 1935இல் ரசிகா சிகரத்தில் அவ்வாறு ஏறிய குழுவைப் பனிப்புயல் சூழ்ந்தது. இலேசான காலணியோடு இறங்க இயலாமல் பிராமனியின் தோழர்கள் அறுவர் உயிரிழந்தனர்.

நடைவழிக்கும் பாறைக்கும் பனிக்கும் ஒரே காலணி வேண்டும் என்னும் எண்ணத்தோடு, வல்கனாக்கிய இரப்பரில் ஆழமான பள்ளங்களும் முகடுகளும் கொண்ட அடிப்பாகத்தை அவர் வடிவமைத்தார். சக்கர உறை செய்யும் பிரெல்லி நிறுவனம் இம்முயற்சிக்குத் துணைநின்றது. 1937இல் காப்புரிமை பெற்ற அவ்வடிவத்திற்குப் போர்க்கள டாங்கியின் பெயரே சூட்டப்பட்டது. அவருடைய பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'விப்ரம்' என்னும் வணிகப்பெயர் உண்டாயிற்று. 1954இல் இத்தாலியக் குழு கே2 சிகரத்தை முதன்முதலில் அடைந்தபோது அணிந்திருந்த காலணியின் அடியில் இருந்தது அவ்விரப்பரே. கட்டுரையின் தொடக்கத்தில் சுட்டிய மஞ்சள் எண்கோணம் இந்நிறுவனத்தின் முத்திரையாகும்.

இக்கதையில் வீரச்சுவையைவிட நம் கவனத்திற்குரியவை மூன்று உண்டு. பிராமனியே அக்கருவியைப் பயன்படுத்துபவர். அவரிடம் ஒரு கடை இருந்ததால் மற்றவர் குறைகூறுவதையும் கேட்டார். தாம் அறிந்ததை வார்த்துத் தருவதற்கு இரப்பர் ஆலை ஒன்றின் கதவு அவருக்குத் திறந்தது. அன்று உலகச் சந்தைக்கு வந்த இயற்கை இரப்பரில் மிகப் பெரும்பகுதி மலாயா, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள், இலங்கை ஆகிய நாடுகளின் தோட்டங்களில் வடிந்தது. வழுக்கும் சரிவை அறிந்த கால்கள் இரு நாட்டிலும் இருந்தன. ஆலையின் கதவு ஒரு நாட்டில்தான் திறந்தது.

சிங்கப்பூர் ஆலை காட்டும் பாடம்

மலாயா மண்ணில் இரப்பர்ப் பொருள் செய்யவே இயலாதிருந்தது எனக் கருதுதல் தவறு. சீனாவின் ஜிமெய் ஊரிற் பிறந்த டான் கா கீ (1874–1961) சிங்கப்பூரில் அன்னாசித் தொழிலோடு தொடங்கி, 1906இல் அன்னாசிக்கிடையே இரப்பர் நட்டு, பின்னர்ப் பால் பதப்படுத்தும் ஆலை வைத்து, 1920களில் இரப்பர்க் காலணி, சக்கர உறை, மழையங்கி முதலியவற்றைத் தாமே செய்து விற்கலானார். தோட்டம், ஆலை, உற்பத்தி, சொந்தக் கிளைக்கடை என நான்கையும் ஒரே கைக்குள் கொண்டுவந்தது அவருடைய தனிச்சிறப்பு. உலகப் பொருளாதார வீழ்ச்சியும் இரப்பர் விலைச் சரிவும் வங்கிக் கடனும் சேர்ந்து அழுத்த, 1934இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. பாட்டா நிறுவனமும் ஃபங் கியோங் நிறுவனமும் கிள்ளானில் காலணி ஆலைகளை நடத்தின. மலேசியாவில் பள்ளி சென்ற ஒரு தலைமுறையினர் ஃபங் கியோங் வெள்ளைக் கான்வாஸ் காலணிக்குச் சனிக்கிழமைகளில் வெண்சுண்ணம் பூசியதை இன்னும் மறந்திலர்.

டான் கா கீயின் வீழ்ச்சியைவிட எழுச்சியே நம் வினாவிற்கு விடை தருகிறது. அவரிடம் பால் இருந்தது. அது அவருடைய பாலாக இருந்தது. தவறாகக் கலந்து பத்து முறை வீணாக்கினாலும் கேட்பாரில்லை. தோட்டத் தொழிலாளியோ நாள்தோறும் வாளிவாளியாகப் பாலைச் சுமந்தும் ஒரு மங்குப் பாலைத் தம் வீட்டிற்குக் கொண்டுசெல்ல உரிமையற்றவர். கொண்டுசென்றால் அது திருட்டு. ஒட்டுப்பாலும் கணக்கில் நிறுத்து வாங்கப்பட்டது. பொருளைக் கையில் வைத்துப் பழுதாக்கிப் பார்க்கும் உரிமையே எல்லாக் கைத்தொழிலுக்கும் தொடக்கம் என்பது நம் கருத்து. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் தேய்ந்த சக்கர உறையை வெட்டி 'டயர் செருப்பு' செய்த தொழிலாளியிடம் அந்த உரிமை இருந்தது. ஏனெனில் அவர் கையில் இருந்தது பிறர் எறிந்த பொருள். தோட்டத்தில் இரப்பர் எறியப்படும் பொருளாக ஒருபோதும் இருந்ததில்லை.

லயத்து வீட்டில் பட்டறை இல்லை

மற்றொரு தடை வீடு. சிறுதொழில்கள் பலவும் வீட்டின் பின்கட்டில் பிறந்தவை. லயத்து வீடு தொழிலாளியின் வீடன்று. வேலை உள்ளவரை தங்க விட்ட இடம். வேலை போனால் வீடும் போகும். விடுதலைக்கு முன்னும் பின்னும், ஆங்கிலேயர் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைத் துண்டுதுண்டாக்கி விற்றபோது இவ்வுண்மை கடுமையாக உறைத்தது. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பற்றி உங்கு அசீஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் துறை மேற்கொண்ட ஆய்வு 1962இல் வெளிவந்தது. துண்டாடலை எதிர்கொள்ளும் வழியாகத்தான் பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர் சிறுகச்சிறுகச் செலுத்திய பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன.

தமிழ்த் தொழிலாளர் தம் சொந்தப் பணத்தால் திரட்டிய மாபெரும் முதலீடு இக்கூட்டுறவே எனலாம். அம்முதலீடு ஆலைக்குச் செல்லாமல் நிலத்திற்குச் சென்றதை இன்று சிலர் குறையாகக் கூறுவதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. தலைக்கு மேல் கூரை அசைந்துகொண்டிருக்கும்போது காலணி வார்க்கும் அச்சுக்கு எவரும் பணம் கட்டார். ஆயினும் அக்கட்டாயத்தின் விலை என்ன என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். மூலப்பொருளிலிருந்து பொருளுக்குச் செல்லும் அடி எடுத்துவைக்கப்படவில்லை. பின்னர் இரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்பேட்டைகளின் ஆலைகளில் பிறருடைய எந்திரங்களுக்கு முன் அமர்ந்தனர்.

வார்ப்பும் தையலும்

வெளிப்பயணக் கருவித் தொழிலில் இரு பாதைகள் உள்ளன. ஒன்று வார்ப்பு, மற்றொன்று தையல். இரண்டின் பொருளியலும் வேறு வேறு.

வார்ப்புக் காலணியை எடுத்துக்கொள்வோம். இரப்பரை இரட்டை உருளையில் பிசைந்து, கந்தகம், துத்தநாக ஆக்சைடு, கரிப்பொடி, வினையூக்கிகள் முதலியவற்றைக் கலந்து, தாளாக்கி வெட்டி, எஃகு அச்சில் இட்டு, ஏறத்தாழ 150 பாகை வெப்பத்தில் சில நிமிடம் அழுத்துவர். செலவின் பெரும்பகுதி அச்சில் முடங்குகிறது. ஒவ்வோர் அளவிற்கும் இடக்கால் ஒன்று, வலக்கால் ஒன்று எனத் தனித்தனி அச்சுகள் வேண்டும். அச்சைச் செதுக்கியபின் வடிவத்தை மாற்றினால் போட்ட பணம் போயிற்று. கரிய இரப்பர் காலணியின் உருவம் நெடுங்காலமாகப் பெரிதும் மாறாதிருப்பதற்கும், அதன் விலை அத்துணைக் குறைவாக இருப்பதற்கும் இதுவே காரணம் எனக் கருதுகிறோம். பிராமனிக்குப் பிரெல்லி தேவைப்பட்டதும் இதனாலேயே.

தையலின் நிலை வேறு. துணி, நூல், எந்திரம், கத்தரிக்கோல் ஆகியவற்றோடு தொடங்கலாம். வடிவம் பிழையென்றால் மறுநாள் மாற்றி வெட்டலாம். இந்தியாவில் பெங்களூரைச் சேர்ந்த வைல்டுகிராஃப்ட் நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சான்று. 1990களில் மலையேற்ற ஆர்வலர்கள் தம் தேவைக்காகக் கூடாரம் தைத்ததில் தொடங்கிய முயற்சி 1998இல் நிறுவனமாக உருப்பெற்றது. கூடாரம் வாங்குவோர் சிலரே. மாணவரும் அலுவலரும் நாள்தோறும் சுமக்கும் முதுகுப்பையே அதனைப் பெருந்தொழிலாக்கியது. மலைக்குப் போகாதவர் வாங்கினால்தான் மலைக்கருவித் தொழில் நிலைக்கும் என்பது இத்துறையின் விந்தை.

பேராக்கில் இன்று இத்தொழிலுக்குக் களம் இல்லாமலில்லை. கிந்தா பள்ளத்தாக்கு 2018இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கோப்பெங் அருகே கம்பார் ஆற்றில் படகோட்டம் நடைபெறுகிறது. தெம்புரோங் குகையும், செமாய் மக்கள் வழிகாட்டும் ஊலு கெரோ ரப்லேசியா மலர்க்காடும், 2,183 மீட்டர் உயரமுள்ள கொர்பு மலையும் இம்மாநிலத்தில் உள்ளன. இக்காடுகளுக்குள் செல்வோர் அனைவர்க்கும் வேண்டிய எளிய பொருள் ஒன்று உண்டு: அட்டை புகாக் காலுறை. நெருங்கிய நெசவுடைய துணியை முழங்கால்வரை பையாகத் தைத்து, மேலே கயிறு கோத்தால் அது முடிந்தது. ஆடை ஆலைகளில் இருபது ஆண்டுகள் கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் தைத்த ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு அது அரை மணிநேர வேலை. சிறுதொழிலின் விதை எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறோம். பெரிய திட்டம் எதனையும் நாம் முன்வைக்கவில்லை.

கரிய காலணியின் மறுபிறப்பு

அக்கரிய காலணிக்கு மலேசிய மக்கள் இட்ட பெயர் 'அடிடாஸ் கம்போங்'. புகழ்பெற்ற ஜெர்மானிய நிறுவனத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. சிற்றூரின் அடிடாஸ் என்னும் எள்ளல்தான் அது. எள்ளல் நாளடைவில் பாராட்டாயிற்று. சபாவின் கினபாலு மலையில் பயணிகளின் சுமையைத் தூக்கிச் செல்வோரும் வழிகாட்டிகளும் இதனை அணிந்து ஏறுவதைக் கண்ட பயணிகள், தம் விலையுயர்ந்த காலணியை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டனர். அடியிலுள்ள சிறு குமிழ்கள் சேற்றிலும் வேரிலும் பற்றும். உள்ளே புகுந்த நீர் தங்கித் துணியில் ஊற இடமில்லை. ஓடையைக் கடக்கக் கழற்ற வேண்டியதில்லை. இன்று தீபகற்பத்துக் காட்டுவழி நடப்போரும் ஓடுவோரும் இதனைத் தேடி வாங்குகின்றனர்.

குறைகளையும் மறைத்தலாகாது. கணுக்காலுக்கு இதில் ஆதரவு இல்லை. குதிகாலுக்கு மெத்தை இல்லை. வெயிலில் கால் வேகும். நெடுநேரம் அணிந்தால் விளிம்பு தோலை உரசும். தோட்டத்தார் உள்ளே தடித்த காலுறை அணிந்தோ துணி சுற்றியோ இக்குறைகளைச் சரிசெய்துகொண்டனர். பெரிய நிறுவனமாக இருந்திருந்தால் அத்திருத்தங்கள் அடுத்த ஆண்டின் வடிவத்தில் ஏறியிருக்கும். இங்கே அவை அணிந்தவரோடு நின்றுபோயின. பயன்படுத்துவோர்க்கும் செய்வோர்க்கும் இடையே பேச்சு நிகழ்ந்தாலன்றிக் கருவி வளர்வதில்லை. பிராமனியின் கடையில் அப்பேச்சு நாள்தோறும் நிகழ்ந்தது. தோட்டக் கடையிலோ தொழிலாளி கடனுக்கு வாங்கினார்; குறைகூறும் நிலையில் அவர் இல்லை.

வகுப்பறைக்கு ஒரு குறிப்பு

நம் மாணவர்களிடம் 'பிரட்டுக்களம்', 'நிரை', 'காண்டாவாளி' ஆகிய சொற்களுக்குப் பொருள் கேட்டபோது, பெரும்பாலோர் சிறுகதைகளில் படித்ததாகக் கூறினர். பொருள் தெரிந்தோர் சிலரே. மூன்றாம் சொல்லுக்கு ஒரு மாணவர், 'நாசி கண்டார் போடும் வாளியா?' என்று கேட்டார். சிரித்தோம், ஆயினும் வேரை அவர் சரியாகவே பிடித்திருந்தார். அதன்பின், தோட்டத்தில் உழைத்த தம் தாத்தா பாட்டியரிடம் சென்று கேட்டு எழுதிவருமாறு ஒரு பயிற்சி அமைத்தோம். துன்பத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். காலணியைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றோம்.

எப்போது முதன்முதலில் காலணி அணிந்தீர்கள், எந்தக் கடையில் வாங்கினீர்கள், என்ன விலை, எத்தனை மாதம் உழைத்தது, மழைக்காலத்தில் எந்தச் சரிவில் வழுக்கியது, உள்ளே என்ன வைத்துக்கொண்டீர்கள் என்பன அவ்வினாக்கள். ஒரு காலணி ஆலையின் வடிவமைப்பாளர் கேட்க வேண்டிய வினா ஒன்றைக் கடைசியாகச் சேர்த்தோம்: அது முதலில் எந்த இடத்தில் கிழிந்தது? மாணவர்கள் கொண்டுவந்த தாள்களில் மற்ற வினாக்களுக்கு ஓரிரு வரிகளே இருந்தன. இவ்வினாவிற்கு மட்டும் பாட்டிமார் சிலர் தாளை வாங்கிப் படமே வரைந்து காட்டியிருந்தனர்.